மேல்மாடிக்குச் சத்தம் கேட்க வேண்டும்

கடை திறந்த முதல் சனிக்கிழமை, ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை ஒரு கிளாஸ் பியர்கூட விற்கவில்லை. ஆட்கள் வராமல் இல்லை. ஜன்னலோர வட்டமேசையில் ஆறு கிழவர்கள் இருந்தார்கள். நடுவில் ஓர் இளம் சோடி. கதவுக்குப் பக்கத்து மேசையில் மூன்று பெண்கள் கைப்பைகளைக் கதிரை முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேரும் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற தாரகன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜேர்மனியில் கடைக்காரர் மேசைக்கு வருவார். என்ன வேண்டும் என்று கேட்பார், கொண்டுவந்து வைப்பார். அதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் குடிக்க வந்தவர் எழுந்து கவுண்டருக்கு வருவார், அங்கே நின்று கேட்டு வாங்குவார். அதற்காகத் தாரகன் காத்திருந்தார்.

இளம் சோடி எழுந்து போய்விட்டது. கிழவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர் ஹெர் ப்ராஸ், கடைசியில் கவுண்டருக்கு வந்தார்.

"மன்னிக்கவும். கடை திறந்துவிட்டதா?"

"திறந்துவிட்டது."

"உங்களுக்குக் காலில் ஏதும் வருத்தமா?"

"இல்லை. இங்கே வந்து கேட்டால் ஊற்றித் தருவேன். இது இங்கிலாந்து முறை."

ஹெர் ப்ராஸ் திரும்பித் தன் ஐந்து சிநேகிதர்களையும் பார்த்தார். "நாங்கள் இங்கிலாந்துக்கு வரவில்லையே" என்றார்.

பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சுபானி, முகத்தில் சிரிப்பை மாற்றாமல் கணவனிடம் தமிழில் சொன்னாள். "சனம் தாகத்தில சாகப்போகுது. தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போங்கோ."

"போக மாட்டன்."

"ஏன்?"

"போனா இது கெட்டரிங் மாதிரி வராது."

"இது கெட்டரிங் இல்லையப்பா. பான்!"

*

தாரகனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. தொண்ணூறாம் ஆண்டு, பதினெட்டு வயதில், சுழிபுரத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தார். அகதி முகாமில் ஒன்றரை வருடம் இருந்த பிறகு பான் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. தட்டுக் கழுவியவர் மெல்ல மெல்லச் சமையற்காரரானார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. பெரிய சமையற்காரர் உப்புப் போடும்போது தாரகன் அவருடைய கையைப் பார்ப்பார், பிறகு வீட்டில் தானே போட்டுப் பார்ப்பார். எதையும் மூன்று முறை செய்து பார்த்த பிறகுதான் தெரியும் என்று சொல்லுவார். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

பதின்மூன்று வருடங்கள் அந்தச் சமையலறையில் வேலை செய்தார். அந்தப் பதின்மூன்று வருடங்களில் வேலைக்கும் அலுவலகத்துக்கும் வெளியே, முன்பின் தெரியாத ஒரு ஜேர்மன்காரரோடு ஐந்து நிமிடம் கதைத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. அதில் அவருக்குக் கோபமும் இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும், பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று அப்போது பலரும் செய்ததுபோல, இரண்டாயிரத்து ஐந்தில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். மகள் மிதுசாவுக்கு அப்போது ஆறு வயது. லண்டனில் வீட்டு வாடகை கட்டாது என்று வடக்கே கெட்டரிங் என்ற சிறிய ஊரில் இறங்கினார்கள். சப்பாத்துச் செய்யும் தொழிற்சாலைகள் ஒருகாலத்தில் நிறைய இருந்த ஊர். தாரகனுக்குப் பெட்ரோல் நிலையத்தில் காசாளர் வேலை.

ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டார். மழை. எதிரே ஒரு பப் இருந்தது. உள்ளே போய்க் கவுண்டரில் நின்று ஒரு லெமனேட் கேட்டார். அவருக்கு முன்னால் மூன்று பேர். பக்கத்தில் நின்ற மனிதர், நாயின் ஈரத்தைத் தன் தொப்பியால் துடைத்துக்கொண்டே, "உங்கள் ஊரில் இப்படி மழை பெய்யுமா?" என்று கேட்டார். தாரகன் தன் ஊர் மழையைப் பற்றிச் சொன்னார். வலப்பக்கத்தில் நின்ற இன்னொருவர் இடையில் புகுந்து, தான் கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றதாகவும் அங்கே யாரோ தன் சப்பாத்தைத் திருடிவிட்டதாகவும் சொன்னார். சப்பாத்து ஊர்க்காரனிடமே சப்பாத்துத் திருட்டா என்று மூன்றாமவர் சிரித்தார். லெமனேட் கைக்கு வந்தபோது தாரகனுக்கு நான்கு பேருடைய பெயர் தெரிந்திருந்தது. நாயினுடைய பெயரும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சுபானியிடம் சொன்னபோது, "நீங்கள் கதைச்சனீங்களோ?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

அன்று தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. விடுமுறை நாட்களில் ஊரிலிருந்த இருபத்துமூன்று பப்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனார். எங்கும் அரைக் கிளாஸுக்கு மேல் குடிப்பதில்லை. ஒரு பப்பில் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. ஆட்களை நேரத்துக்கு வெளியே அனுப்பவே அப்படி வைத்திருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு ஆறுதலாகக் குடித்தார்கள். இன்னொன்றில் பில்லியர்ட் மேசையின் ஓரத்தில் ஒரு பூனை படுத்திருக்கும். அதை எழுப்பாமல் அதற்கேற்றபடி விளையாடுவார்கள். ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த பப்பில், நெருப்படுப்புக்குப் பக்கத்துக் கதிரைக்குரியவர் செத்துப்போய் இரண்டு கிழமை அந்தக் கதிரையில் ஒருவரும் உட்காரவில்லை. பிறகு விபரம் தெரியாத வெளியூர்க்காரன் ஒருவன் வந்து அதில் உட்கார்ந்தான். ஒருவரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து அது வெறும் கதிரையாகிவிட்டது.

தாரகன் ஒவ்வொரு பப்பிலும் கதவிலிருந்து கவுண்டருக்கு எத்தனை அடி என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். எட்டு, பதினொன்று, ஆறு. கவுண்டரின் உயரத்தைத் தன் முழங்கையால் அளந்தார். ஆட்கள் கவுண்டரில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடத்தில் பேச்சுத் தொடங்குகிறது என்று பார்த்தார். அவருக்கிருந்த கேள்வி ஒன்றுதான். பானில் பதின்மூன்று வருடத்தில் நடக்காதது இங்கே மூன்று கிழமையில் நடந்ததே, அதற்குக் காரணம் ஆட்களா, கவுண்டரா?

ஐந்தாவது வருடம் பெட்ரோல் நிலையத்தை விட்டுவிட்டு 'வீட்ஷீஃப்' என்ற பப்பைக் குத்தகைக்கு எடுத்தார். மேல்மாடியில் குடும்பம், கீழே கடை. பத்து வருடத்துக்குக் கிட்ட நடத்தினார். அதற்குள் ஊரிலிருந்த பப்கள் ஒன்று ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. பூனை படுத்திருந்த இடம் சிறுவர் பல் வைத்தியசாலையாகியது. கடிகாரம் முன்னால் ஓடிய இடம் வெறும் சுவராக நின்றது. கடைசியில் வீட்ஷீஃப் இருந்த கட்டடத்தையும் சொந்தக்காரர்கள் விற்றார்கள். அந்த வருடம்தான் மிதுசாவுக்குப் பான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். தாரகன் பழைய ஹோட்டலின் பழைய சமையலறைக்கே போனார்.

"அப்பா, அது அந்தச் சனத்தின்ர குணம்" என்று மிதுசா சொல்லுவாள். கெட்டரிங்தான் தன் சொந்த ஊர் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுகிறவள் அவள். "மரப்பலகையில ஒண்டும் இல்லை."

"மூண்டு தரம் செய்து பாத்தாத்தான் தெரியும்" என்பார் தாரகன்.

*

ரைன் நதியின் வலது கரையில், ஒரு தெருமூலையில், 'சும் ஆங்கர்' என்ற க்னைப்பெ இரண்டரை வருடமாகப் பூட்டிக் கிடந்தது. தெருமூலை மதுச்சாலைக்கு ஜேர்மன்காரர் சொல்லும் பெயர் அது. சொந்தக்காரி ஃப்ராவ் கூப்பர்ஸ் மேல்மாடியில் தனியாக இருந்தார். எழுபத்தொன்பது வயது. அவருடைய மருமகன் கீழ்த்தளத்தை உடைத்து இரண்டு வீடுகளாக்கி வாடகைக்கு விடவேண்டும் என்று வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தான்.

கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துத் தாரகன் மேலே போனபோது, ஃப்ராவ் கூப்பர்ஸ் அவருடைய பத்திரங்களைப் பார்க்கவில்லை. சமையலறையில் ஒரு கதிரையைக் காட்டினார்.

"உட்காருங்கள். என்ன கேட்கிறது?"

தாரகன் காதைக் கொடுத்தார். "குளிர்சாதனப் பெட்டி."

"வேறு?"

"ஒன்றும் இல்லை."

"அதுதான் பிரச்சினை" என்றார் அவர். "அறுபத்தெட்டில் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்தேன். முதலில் என் கணவர் கடையை நடத்தினார், பிறகு வேறொருவர். ஐம்பது வருடம் கீழே ஆட்கள் கதைக்கிற சத்தத்துக்கு மேலேதான் நான் சமைத்தேன், துணி மடித்தேன். இப்போது இந்தப் பெட்டி மட்டும் கதைக்கிறது."

நிபந்தனை அங்கேயே முடிவானது. ஓகஸ்ட் கடைசிவரை, வியாழனும் சனியும் தாரகன் கடையைத் திறந்து பார்க்கலாம். கீழேயிருந்து சத்தம் மேலே வந்தால் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம். வராவிட்டால் மருமகனுடைய வரைபடம். வானொலிச் சத்தம் கணக்கில் வராது. ஒன்பது மணிக்குத் தான் காதுக்கருவியைக் கழற்றிவிடுவதால் அதற்குப் பிறகு வருவதும் கணக்கில் வராது.

தாரகன் ஹோட்டலில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் முதலாம் திகதிக்குள் திரும்பி வருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். மதுச்சாலை உரிமத்துக்கு Antrag என்கிற விண்ணப்பம் போட்டு, அலுவலகத்தில் நான்கு முறை Termin என்கிற சந்திப்பு நேரம் எடுத்து, தற்காலிக அனுமதி வாங்கினார். சுபானி ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் படியில் சந்திக்கும்போதெல்லாம் ஃப்ராவ் கூப்பர்ஸ் அவளிடம், "சரிவருமா?" என்று கேட்பார். அவள், "எனக்குத் தெரிந்தவரையில் வராது" என்று மரியாதையாகச் சொல்லுவாள். அவளுக்கு ஹோட்டல் வேலைதான் விருப்பம். மாதம் பிறந்தால் சம்பளம், பின்னால் ஓய்வூதியம், சனி ஞாயிறில் மனிசன் வீட்டில்.

*

முதல் சனிக்கிழமைக்குப் பிறகு நடந்ததைத் தாரகன் எதிர்பார்க்கவில்லை. ஆறு கிழவர்களும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வியாழன் ஒரு தாளைக் கொண்டுவந்து கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். கட்டம் போட்ட தாள். எந்தக் கிழமையில் யார் ஆறு பேருக்குமாகக் கவுண்டருக்குப் போய் வாங்கி வருவது என்று ஓகஸ்ட் வரைக்கும் பெயர்கள் எழுதியிருந்தன. சுகவீனமானால் யார் மாற்று என்பதும் இருந்தது.

"நல்ல ஒழுங்கு" என்றார் ஹெர் ப்ராஸ்.

நல்ல ஒழுங்குதான். முறைக்காரர் வருவார், ஆறு கிளாஸைத் தட்டில் எடுப்பார், போய்விடுவார். கவுண்டரில் யாரும் நிற்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்களும் அதைப் பார்த்துத் தங்களுக்குள் ஒருவரை அனுப்பினார்கள். ஒவ்வொரு மேசையும் தன் பாட்டில் மெதுவாகக் கதைத்தது. ஒரு மேசையின் பேச்சு அடுத்த மேசைக்குப் போகவில்லை.

தாரகன் கவுண்டருக்கு முன்னாலிருந்த உயரக் கதிரைகளை எடுத்துவிட்டார். யாரும் நிற்கவில்லை. விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினார். "வெளிச்சம் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பியரை ஊற்றுவதில் வேண்டுமென்றே சுணங்கினார். முறைக்காரர் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஊற்றி முடிந்ததும் கூப்பிடச் சொன்னார்.

ஒவ்வொரு ஞாயிறும் ஃப்ராவ் கூப்பர்ஸ் படியில் நின்று முடிவு சொல்லுவார்.

"நேற்று ஆறு மணியளவில் இலை அசைகிற மாதிரி ஏதோ கேட்டது. பிறகு பார்த்தால் வெளியே மரம்."

ஓகஸ்ட் நடுவில் தாரகன் மேசையில் உட்கார்ந்து தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை சொன்னதுதான் சரிபோல" என்றார் சுபானியிடம். "கவுண்டரில ஒண்டும் இல்லை. அந்தச் சனம் அப்பிடி. அவ்வளவுதான்."

அவர் அப்படிச் சொன்னது சுபானிக்குப் பிடிக்கவில்லை. தான் மூன்று மாதமாகச் சொன்னதைத்தான் அவரும் சொல்லுகிறார், ஆனாலும் பிடிக்கவில்லை.

"கடைசிச் சனிக்கு எங்கட ஆக்களைக் கூப்பிடுங்கோவன்" என்றாள். "பத்துத் தமிழர் சேர்ந்தா மேல்மாடி என்ன, ஆத்துக்கு அங்கால கரைக்கும் கேக்கும்."

*

ஓகஸ்ட் முப்பத்தொன்று, சனிக்கிழமை, நாலரை மணிக்கு இரண்டு கார்களில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் இரத்தினம். முகாமில் தாரகனோடு ஒரே அறையில் இருந்தவர், வயதில் மூத்தவர். வார்ப்புத் தொழிற்சாலையில் வேலைசெய்து இப்போது ஓய்வுபெற்று ஹம் நகரில் இருக்கிறார். அங்கேயுள்ள ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் பொறுப்பும் அவருடையது. மற்றக் காரை ஓட்டிவந்த கொட்வின் கொலோனில் பஸ் ஓட்டுநர். அவர் குடிப்பதில்லை. அதனாலேயே எல்லாக் கொண்டாட்டத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

உள்ளே வந்தார்கள். விளக்கைப் பாராட்டினார்கள். கிழவர்களுக்கு வணக்கம் சொன்னார்கள். பியர்க் குழாய்க்குப் பின்னால் சுபானி நிற்பதைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி சுகமோ?"

"சுகம் அண்ணை. என்ன குடிக்கிறியள்?"

"பிறகு, பிறகு" என்றார் இரத்தினம். யாரோ போன் எடுக்கிறார்கள் என்று வெளியே போனார். அவரைத் தேடிக்கொண்டு இன்னொருவர் போனார். காற்று வாங்க இரண்டு பேர். கார் பூட்டினதோ என்று பார்க்கக் கொட்வின். ஐந்து மணிக்கு உள்ளே ஆறு கிழவர்கள் மட்டும் இருந்தார்கள். சுவரில் கடிகாரம் துடிப்பது கேட்டது.

தாரகன் வெளியே போய்ப் பார்த்தார். தெருமூலையில் இரத்தினத்தின் நீளமான காரின் டிக்கி திறந்திருந்தது. அதற்குள் விரித்த பத்திரிகையின் மேல் ஒரு விஸ்கிப் போத்தல், பிளாஸ்டிக் குவளைகள், ஒரு பெட்டி நிறைய வடை, மிக்சர். ஒன்பது பேரும் டிக்கியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் எந்தத் தமிழ்க் கல்யாண மண்டபத்தின் கார் தரிப்பிடத்துக்குப் போனாலும் காணக்கூடிய காட்சி. ஆனால் இது மதுச்சாலை வாசல்.

"அண்ணை!" என்றார் தாரகன். "என்ர கடைக்கு முன்னால நிண்டு உங்கட போத்தலைக் குடிக்கிறியள்!"

"சத்தம் போடாதை தம்பி, தெருவில ஆக்கள் பாக்கினம்."

"சத்தம் போடத்தான் உங்களைக் கூப்பிட்டனான்! உள்ள வந்து போடுங்கோ!"

"எப்பிடி வாறது? அங்க சுபானி எல்லே நிக்கிறா. தங்கச்சியின்ர கையால வாங்கி, அவவுக்கு முன்னால நிண்டு குடிக்கிறதோ? எங்களுக்கு ஒரு முறை இல்லையோ?"

"இண்டைக்கு இந்தக் கடை ஓடாட்டி ஒன்பது மணியோட என்ர அலுவல் முடிஞ்சுது. திங்கக்கிழமை நான் திரும்பவும் உருளைக்கிழங்கு உரிக்கப் போறன்."

இரத்தினம் யோசித்தார். "அப்ப நாங்கள் கொஞ்சம் உரத்துக் கதைக்கிறம்" என்றார். "இஞ்ச நிண்டே."

அந்த வேளையில் கதவைத் திறந்துகொண்டு ஹெர் ப்ராஸ் வந்தார். அன்று அவருடைய முறை. கவுண்டரில் தாரகனைக் காணவில்லை என்று தேடி வந்திருந்தார். டிக்கியைப் பார்த்தார். "இது கடையின் கிளையா?" என்று கேட்டார்.

கொட்வின் வடைப் பெட்டியை நீட்டினார். ப்ராஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. "இதற்குள் என்ன இருக்கிறது?" என்றார். மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். பருப்பு என்றார் ஒருவர், செத்தல் மிளகாய் என்றார் மற்றவர், என் மனிசியின் கோபம் என்றார் கொட்வின். அவரைத் தேடிக்கொண்டு மற்ற ஐந்து கிழவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார இடமில்லாததால் நின்றார்கள். முப்பது வருடமாக வட்டமேசையில் ஒரே ஒழுங்கில் உட்கார்ந்தவர்கள் இப்போது கிடைத்த இடத்தில் மாறி மாறி நின்றார்கள். எப்போதும் எதிர்ப்பக்கத்தில் உட்காரும் ஹெர் லிண்ட்னருக்கு டீசல் இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு தெரியும் என்பது பக்கத்தில் நின்றபோதுதான் ப்ராஸுக்குத் தெரியவந்தது. லிண்ட்னரும் இரத்தினமும் வார்ப்பிரும்பைப் பற்றிக் கைகளாலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாரகனுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். டிக்கி முழங்கை உயரத்துக்குக்கூட இல்லை. மரமும் இல்லை. கெட்டரிங் ஆட்களும் இல்லை. ஆனால் நாயைத் துடைத்த மனிதர் இப்போது இந்தக் கூட்டத்துக்குள் வந்து நின்றால் யாரும் அவரை விலத்திவிட மாட்டார்கள்.

சுபானி வெளியே வந்தாள். எட்டுக் குவளைகளும் எட்டு முதுகுகளுக்குப் பின்னால் போயின.

"ஒளிக்காதேங்கோ அண்ணை" என்றாள். "முப்பது வருசமா நாங்கள் பொம்பிளையள் மண்டபத்துக்குள்ள இருந்து டிக்கியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். எனக்கு ஒண்டுதான் அறியவேணும். அப்பிடி என்னத்தைத்தான் கதைக்கிறனீங்கள்?"

கொட்வின்தான் சொன்னார். "முழங்கால் நோ அக்கா. பிறகு சீனி வருத்தம். ஆரின்ர பல்லு வைத்தியர் நல்லவர் எண்டு."

"அவ்வளவுதானோ?"

"இரண்டாவது குவளைக்குப் பிறகு ஊர்க் கோயில் வழக்கு."

"இதுக்கோ இவ்வளவு ஒளிப்பு!"

மேலே ஜன்னல் திறந்தது. ஃப்ராவ் கூப்பர்ஸ் எட்டிப் பார்த்தார். "ஹெர் தாரகன்! சத்தம் தெருவிலிருந்து வருகிறது!"

"ஆமாம், ஃப்ராவ் கூப்பர்ஸ்."

"நாம் பேசிக்கொண்டது கடைக்குள்ளிருந்து வருகிற சத்தம்! இப்படியே போனால் சத்தம் வராது, பொலிஸ்தான் வரும்!"

ஜன்னல் மூடியது. தாரகன் ஆட்களை உள்ளே கூப்பிட்டார். இரத்தினம் சுபானியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், அசையவில்லை. தாரகனுக்கு இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுபானி வடைப் பெட்டியையும் மிக்சரையும் டிக்கியிலிருந்து தூக்கினாள். போத்தலை விட்டுவிட்டாள்.

"இரத்தினம் அண்ணை, உங்களுக்கு என்னட்டை வாங்க வெக்கம். எனக்கும் உங்களுக்கு ஊத்த வெக்கம். இஞ்ச யார் ஊத்துறது?"

"கார்க்காரன்தான். நான்" என்றார் இரத்தினம்.

"அப்ப வந்து அங்கயும் ஊத்துங்கோ. நான் வெளியில நிக்கிறன்."

அவள் உள்ளே போய் வடையையும் மிக்சரையும் கவுண்டரின் நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். வடைக்குப் பின்னால் ஹெர் ப்ராஸ் போனார். ப்ராஸுக்குப் பின்னால் லிண்ட்னர். பிறகு எல்லாரும். சாப்பாடு கவுண்டரில் இருந்ததால் ஒருவரும் மேசைக்குப் போகவில்லை. இரத்தினம் கவுண்டருக்குப் பின்னால் நுழைந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் கிளாஸைக் குழாய்க்குக் கீழே பிடித்தார். முழுக்க நுரை. இரண்டாவதும் நுரை.

"இது பியரா, சவரம் செய்கிற சவர்க்காரமா?" என்று ஹெர் ப்ராஸ் கத்தினார்.

"கிளாஸைச் சரிச்சுப் பிடியுங்கோ அண்ணை!" என்றார் தாரகன்.

"நான் முப்பது வருசம் இரும்பு ஊத்தினவன், எனக்குப் படிப்பிக்காதை!"

"என்ன சொல்கிறார்?"

"இரும்பு வார்த்தவராம்!"

"பியர் இரும்பு இல்லை என்று சொல்லுங்கள்!"

ப்ராஸும் கவுண்டருக்குப் பின்னால் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே குழாயைப் பிடித்தார்கள். முன்னால் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தெருவால் போன ஒரு சோடி என்ன சண்டை என்று எட்டிப் பார்த்து, உள்ளே வந்து, யாரோ கொடுத்த வடையோடு ப்ராஸ் கட்சியில் சேர்ந்தது. தாரகன் தன் சொந்தக் கவுண்டருக்கு முன்னால், ஆட்களுக்கு நடுவில் நின்றார். மூன்று மாதத்தில் அவர் அந்தப் பக்கத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த இளைஞனிடம் எங்கே வேலை என்று கேட்டார். தேனீ வளர்ப்பதாக அவன் சொன்னான். தாரகனுக்கு அதைப் பற்றி ஆறு கேள்விகள் இருந்தன.

ஏழரை மணிக்கு ஃப்ராவ் கூப்பர்ஸ் வீட்டுச் செருப்போடு கீழே வந்தார். கதவடியில் நின்று பார்த்தார். சுபானிக்குக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"இங்கே நின்று என்னால் சொல்ல முடியாது. இங்கே யாருக்கும்தான் கேட்கும். மேலே போனாலும் இனி என்னால் சொல்ல முடியாது. கேட்கிறதா, கேட்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை." அவர் சாவியை நீட்டினார். "நீங்கள் போங்கள். இவ்வளவு நாளும் வராது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் நீங்கள்தான்."

சுபானி படியேறினாள். மேலே சமையலறை ஒழுங்காக இருந்தது. ஒரு கதிரை, ஒரு கோப்பை, காதுக்கருவியின் சிறிய பெட்டி. கதவைச் சாத்தினாள். ஜன்னல் ஏற்கெனவே மூடியிருந்தது.

இல்லை என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் நாளைக்கு ஹோட்டலுக்குச் செய்தி போகும். தாரகன் அதற்காக அவளைக் கோபிக்கவும் மாட்டார். கீழே நின்றவருக்கு மேலே கேட்டது தெரியப்போவதில்லை.

முதலில் குளிர்சாதனப் பெட்டி கேட்டது. அவள் அசையாமல் நின்றாள். பிறகு அதற்குக் கீழே வேறொன்று வந்தது. பலகைக்குள்ளால், காலுக்குள்ளால் வந்தது. ஒரு குரல் ஏறியது, அதை மறித்து இன்னொன்று, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சிரிப்பு. தாரகனுடைய குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் கேட்ட குரல். கண்டுபிடிக்க முடியவில்லை. இரத்தினம் அண்ணையின் குரலும் அகப்படவில்லை. எது ஜேர்மன், எது தமிழ் என்றுகூடத் தெரியவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பெட்டி எப்போது ஓய்ந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

கீழே இறங்கியபோது ஃப்ராவ் கூப்பர்ஸ் கடைசிப் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நிறைய நேரம் எடுத்துவிட்டீர்கள்."

"ஆமாம்."

"கேட்கிறதா?"

"கேட்கிறது. யார் கதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. என்ன கதைக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. நிறுத்துகிறார்கள் இல்லை."

ஃப்ராவ் கூப்பர்ஸ் தலையை ஆட்டினார். "எனக்கும் ஐம்பது வருடம் ஒரு சொல்லும் விளங்கியதில்லை" என்றார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் மேலே வாருங்கள். மருமகனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்." சாவியை வாங்கிக்கொண்டு, பிறகு ஏதோ நினைத்தவராக, படியேறாமல் கவுண்டரை நோக்கி நடந்தார்.

தேனீக்காரனை விட்டுவிட்டுத் தாரகன் ஓடிவந்தார். "என்னவாம்?"

"திங்கக்கிழமை வரட்டாம். ஒப்பந்தத்துக்கு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"கேட்டதைச் சொன்னன்" என்றாள் சுபானி. "இப்ப போய் அண்ணையைக் குழாயை விடச் சொல்லுங்கோ. அரைவாசிப் பீப்பா நுரையாப் போச்சுது."